ஒரு கட்டம் மிச்சம்

என் மாமா எந்தக் காரியத்தையும் முடித்ததாகச் சரித்திரமே கிடையாது. அம்மாவுக்கு ஒரே தம்பி, எங்கள் வீட்டோடு இருந்தார். டைப்ரைட்டிங் படிக்கப் போனவர் பாதியில் வந்துவிட்டார். மீன் வளர்க்கிறேன் என்று கண்ணாடித் தொட்டி வாங்கினார். தொட்டி வந்தது, மீன் வரவில்லை. கடைசியில் அம்மா அதில் வெங்காயம் கொட்டி வைத்தாள். ஷூ கம்பெனியில் தோல் வெட்டுகிற வேலையை மட்டும் விடாமல் செய்தார். அதற்கும் காரணம் அப்பாதான். அதே கம்பெனியில் தையல் மெஷின் மெக்கானிக்கான அப்பா, தினமும் காலையில் மாமாவைத் தன் வண்டியில் பின்னால் ஏற்றிக்கொண்டு போய்விடுவார். ஓடுகிற வண்டியிலிருந்து குதிக்கவா முடியும்? அப்பேர்ப்பட்ட மாமா, ஒரு பாட்டை முடித்துக் காட்டுகிறேன் என்று தெருவுக்கு முன்னால் வாக்குக் கொடுத்துவிட்டார்.

நான் அப்போது ஆறாம் வகுப்பு. மாமாவிடம், கம்பெனி ஆபீசில் கழித்துப் போட்ட ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. அவருடைய தோஸ்த் ஒருவர் சென்னையிலிருந்து பாட்டு செய்கிற சாஃப்ட்வேர் ஒன்றை சிடியில் கொண்டுவந்து கொடுத்தார். திறந்தால் திரை முழுக்கக் கட்டம் கட்டமாக வரும். ஒரு வரிசைக்குப் பதினாறு கட்டம். ஒரு வரிசை மத்தளத்துக்கு, ஒரு வரிசை கைதட்டலுக்கு, ஒரு வரிசை சலங்கைக்கு. கட்டத்தைத் தொட்டால் எரியும், மறுபடி தொட்டால் அணையும். ஓட விட்டால் எரிகிற கட்டத்துக்கெல்லாம் சத்தம் வரும், கடைசிக் கட்டம் வந்ததும் திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்கும். இவ்வளவுதான் சங்கீதம். சரிகம கூடத் தெரியாத மாமா ஒரே சாயங்காலத்தில் இசையமைப்பாளர் ஆகிவிட்டார்.

அந்த சாஃப்ட்வேர் ஒரு வேகத்தோடுதான் திறக்கும். மாமா அதைத் தொடவே மாட்டார். "கம்பெனிக்காரன் வெச்ச ஸ்பீடு. அவனுக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போவுது?" என்பார். அதனால் மாமா செய்த பாட்டெல்லாம் ஒரே ஓட்டமாக ஓடின. பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு ஒரு தாலாட்டு செய்தார். அது வரைக்கும் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை எழுந்து உட்கார்ந்துகொண்டது. எங்கள் பள்ளி ஆண்டு விழாவில் ட்ரில்லுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுகிற மாதிரி மியூசிக் வேண்டும் என்று விளையாட்டு டீச்சர் கேட்டபோது அதையும் செய்து கொடுத்தார். மூன்று மூன்றாகச் சுத்தமாகத்தான் வந்தது, எங்கும் இடறவில்லை. ஆனால் வேகம்! நாங்கள் கையைத் தூக்குவதற்குள் இறக்க வேண்டியிருந்தது, இறக்குவதற்குள் குனிய வேண்டியிருந்தது. விழா முடிந்ததும் டீச்சர் என்னைக் கூப்பிட்டு, "ஏம்மா, உங்க மாமா எங்கனா பஸ் புடிக்கப் போவணுமா?" என்று கேட்டார்.

இதைவிடப் பெரிய வம்பு ஒன்று உண்டு. அந்த சாஃப்ட்வேர் ஓசி. காசு கட்டாதவர்களுக்கு அது ஒரு கண்டிஷன் போட்டிருந்தது. பாட்டைச் செய்யலாம், முடித்த பாட்டைப் பாட்டாக வெளியே எடுத்துக்கொள்ளலாம். பாதியில் நிறுத்தி, சேமித்து வைத்து, அப்புறம் திறக்கலாம் என்றால் மட்டும் திறக்காது. பீரோவில் புடவையை வைக்க விடுவான், எடுக்க விடமாட்டான். ஆகையால் மாமா ஒரு பாட்டை ஆரம்பித்துவிட்டால் அது முடிகிற வரைக்கும் கம்ப்யூட்டரை அணைக்கக் கூடாது. கரண்டு போனால் இன்வெர்ட்டரில் அது ஓட வேண்டும் என்பதற்காக நாங்கள் ஃபேன் இல்லாமல் வெந்துகொண்டிருப்போம். "இவன் ஒருத்தன் பாட்டுக்கு நாலு பேரு அவியறோம்" என்று அம்மா முந்தானையால் விசிறிக்கொள்வாள்.

எங்கள் தெருமுனையில் ஆட்டோ ஸ்டாண்டு. அதன் தலைவர் வீடு ஸ்டாண்டுக்கு நேர் எதிரே இருந்தது. ஆயுத பூஜை வருகிறது என்று வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தபோது அவர்தான் பேச்செடுத்தார். "நம்ம ஸ்டாண்டுக்குன்னு ஒரு பாட்டு வேணும்பா. அம்மன் கோயில்ல பம்பை அடிக்கறாங்களே, அந்த மாதிரி. உன் கம்ப்யூட்டர்ல வருமா?"

மாமா தெருவில் போகிற காக்காயைக்கூட அண்ணே என்று கூப்பிடுகிறவர். தலைவரை மட்டும் "வருமுங்க" என்றார். நான் பக்கத்திலேயே இருந்தேன். இவருக்கு மட்டும் ஏன் 'ங்க' போடுகிறார் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

தலைவர் சிரித்துவிட்டார். "வரும்ன்ற. முடிப்பியா? நீ முடிக்கற ஆளு இல்லியேப்பா. வெங்காயத் தொட்டிய நானும் பாத்தேன்."

சுற்றி நின்ற டிரைவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். தலைவரின் மகள், நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், அப்போதுதான் கம்பெனியில் தையல் லைன் வேலை முடிந்து டிபன் கேரியரோடு வாசலுக்கு வந்திருந்தார். அவர் சிரிக்கவில்லை. மாமா முகம் சுருங்கிப்போனது. "ஆயுத பூஜை சாயங்காலம் பாட்டு ஸ்டாண்டுல ஓடும். ஓடலன்னா என்ன இந்தத் தெருவுல பாக்க மாட்டீங்க" என்று சொல்லிவிட்டு விடுவிடுவென்று வீட்டுக்கு நடந்தார். அந்த அக்கா வீட்டுக்குத் தீபாவளி கழித்துக் குடியாத்தத்திலிருந்து யாரோ பெண் பார்க்க வருவதாக அம்மா சொல்லியிருந்தாள். மாமா அதைக் கேட்டுக்கொண்டு ஏன் சாப்பாட்டில் பாதியில் கை கழுவினார் என்று நான் யோசிக்கவில்லை. பெண் பார்க்க வந்தால் எங்கள் வீடு வரைக்கும் பஜ்ஜி வருமா என்பதுதான் எனக்கு அப்போது கவலை.

பாட்டு வேலை ஆரம்பமானது. கம்பெனியிலிருந்து வந்ததும் மாமா கட்டங்களுக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவார், நான் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து யோசனை சொல்லுவேன். யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லுவேன். பம்பை மூன்று மூன்றாகப் போகும். பதினாறு கட்டத்தில் மூன்று மூன்றாக அடுக்கினால் ஐந்து தரம் வரும், கடைசியில் ஒரு கட்டம் அநாதையாக நிற்கும். அந்த இடத்துக்கு வந்ததும் தாளம் இல்லாத படியில் கால் வைத்த மாதிரி தடுக்கியது.

"இன்னா மாமா, நொண்டுது?"

"பாரு, ஒண்ணு மிஞ்சுது. சாஃப்ட்வேர் அப்படி. நான் இன்னா பண்றது?" என்று கையை விரித்தார். பிறகு மீசையைத் தடவிக்கொண்டு, "இந்தக் கட்டத்துல ஒரு பொம்பள கொரலு வுட்டா சரியாப் பூடும்" என்றார்.

"அம்மாவக் கூப்புடட்டா?"

"வேணாம், உங்கம்மா கொரலு கரகரன்னு இருக்குது."

"அப்ப என் கொரலு?"

"உன்னுது கீச்சுக் கொரலு. ஸ்பீக்கரு தாங்காது." எனக்குக் கோபம் வந்தது. அதைக் கவனிக்காமல் தன் போனை என் கையில் கொடுத்தார். "நீ ஒண்ணு செய்யி. தலைவர் வூட்டு அக்கா மாடியில துணி காயப் போட்டுகினு இருக்கும். கீழ இருந்து கூப்புடு. அது இன்னா சொல்லுதோ அத்த ரெக்கார்டு பண்ணிக்கினு வந்துடு. இன்னா ஏதுன்னு கேட்டா ஒண்ணும் சொல்லாத."

பொறுப்பான வேலை. போனில் ரெக்கார்டு செய்கிற சிவப்புப் புள்ளியைத் தொட்டுவிட்டுத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி "அக்கா!" என்று கத்தினேன். ஈரப் புடவையை விலக்கிக்கொண்டு அக்கா எட்டிப் பார்த்தார். "இன்னா?" அவ்வளவுதான், நான் ஒரே ஓட்டமாக ஓடி வந்துவிட்டேன். "ஏய், கூப்ட்டுட்டு எங்கடி ஓடற?" என்று பின்னாலிருந்து சத்தம் வந்தது.

மாமா அந்த "இன்னா?"வை மட்டும் நறுக்கி எடுத்து, மிஞ்சிய கட்டத்தில் வைத்தார். ஓட விட்டார். பம்பை மூன்று மூன்றாகக் குதித்து வந்தது, மூச்சு வாங்க நின்றது, "இன்னா?" என்று கேட்டது, மறுபடி கிளம்பியது. நொண்டல் போன இடம் தெரியவில்லை. மாமா அந்த ஒரு சுற்றை மட்டும் தன் போனில் ஏற்றிக்கொண்டார். "உப்பு பாக்க ஒரு கரண்டி" என்றார். அதை எத்தனை தரம் உப்புப் பார்த்தார் என்பதற்குக் கணக்கே இல்லை. அந்தச் சுற்றின் மேல் நாயனம் மாதிரி ஒன்றை ஏற்றினார், ஸ்டாண்டைப் புகழ்ந்து தானே எழுதித் தானே பாடிய நாலு வரியை ஏற்றினார். அதிசயமாக, பாட்டு முடிகிற கட்டத்துக்கு வந்துவிட்டது. இனிக் கடைசி வரி ஒன்றுதான் பாக்கி என்றபோது ஆயுத பூஜை விடிந்தது.

அப்பாவுக்கு ஆயுத பூஜை என்றால் தீபாவளி, பொங்கல் எல்லாம் அதற்கு அப்புறம்தான். ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர், அம்மாவின் தையல் மெஷின், அரிவாள்மனை, என் காம்பஸ் பாக்ஸ் வரைக்கும் கழுவித் துடைத்துக் கூடத்தில் வரிசையாக வைத்துவிடுவார். அன்றைக்கு எந்த மெஷினும் ஓடக் கூடாது என்பது அவருடைய சட்டம்.

"வருஷம் பூரா நமக்கு ஒழைக்குது. ஒரு நாளு ரெஸ்ட்டு குடுக்கலன்னா பாவம்டா. அந்தக் கம்ப்யூட்டர ஆஃப் பண்ணு" என்றார்.

"ஃபிரிட்ஜு ஓடுதே, மாமா?" என்று என் மாமா வழக்காடினார். தன் அக்கா புருஷனை அவர் மாமா என்றுதான் கூப்பிடுவார்.

"ஃபிரிட்ஜு பீரோ மாதிரி. அது ஆயுதம் இல்ல."

"ஃபேனு?"

"அது காத்து. நீ அந்தக் கம்ப்யூட்டர்ல தொழில் பண்ற இல்ல? அப்ப அது ஆயுதம்."

பாவம் மாமா! அவர் செய்வதையும் ஒரு தொழில் என்று எங்கள் வீட்டில் ஒருவர் ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தரம். சந்தோஷப்படுவதா, தலையில் அடித்துக்கொள்வதா? பாட்டை அப்படியே வெளியே எடுத்து வைத்துக்கொள்ளேன் என்று நான் சொன்னேன். "தம் போட்ட பிரியாணி அண்டாவ நடுவுல எவனாவது தொறப்பானா? பூஜ முடியட்டும், கடைசி வரியப் போட்டு ஒரேயடியா எறக்கிடலாம்" என்று என் காதில் சொன்னார். ஆம்பூர்க்காரிக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா? திரையை மட்டும் அணைத்தார். கீழே இருந்த பெட்டி அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அதன் மேல் ஒரு துண்டைப் போர்த்தினார். அது உர்ரென்று உறுமுவது வெளியே கேட்கக் கூடாது என்பதற்காக, பூஜை முடிகிற வரைக்கும் நான் சரஸ்வதி பாட்டை உரக்கப் பாட வேண்டும் என்று ஏற்பாடு. கீச்சுக் குரல் அப்போது மட்டும் இனித்தது.

அப்பா கற்பூரம் காட்டினார். அம்மா சந்தனக் கிண்ணத்தோடும் குங்குமத்தோடும் ஒவ்வொரு ஆயுதமாகப் பொட்டு வைத்துக்கொண்டே வந்தாள். திரைக்கு வைத்தாள், கீபோர்டுக்கு வைத்தாள், மௌஸைப் பிள்ளையார் மாதிரி தொட்டுக் கும்பிட்டாள். அப்புறம் துண்டைப் பார்த்தாள். "இத்த ஏன்டா சாமிக்குத் தெரியாம மூடி வெச்சிருக்க?" என்று உருவினாள்.

நான் பாட்டை உச்சத்துக்குக் கொண்டுபோனேன். மாமா "அக்கா, அக்கா" என்று கையை நீட்டினார். அந்தப் பெட்டியின் முகத்தில், சரியாக நெற்றி இருக்க வேண்டிய இடத்தில், வழவழவென்று வட்டமாக ஒரு பித்தான் பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. பொட்டு வைக்கிற எந்தக் கையும் வேறு இடத்துக்குப் போகாது. அம்மா சந்தனத்தை மெதுவாகத்தான் தடவினாள், ஒன்றும் ஆகவில்லை. பிறகு குங்குமத்தைக் கட்டைவிரலில் எடுத்து, அந்தப் பித்தான் மேல் வைத்து, கண்ணை மூடி, விரலை எடுக்காமல் அழுத்தியபடியே வேண்டிக்கொண்டாள். "தாயே, என் தம்பி தொழிலு ஒரு கொறையும் இல்லாம ஓடிக்கினே இருக்கணும்."

கம்ப்யூட்டர் ஒரு பெருமூச்சு விட்டு அடங்கியது.

"அப்பாடா! காலையில இருந்து இன்னாவோ ஒரு சத்தம், இப்பதான் வூடு நிம்மதியா இருக்குது" என்றார் அப்பா.

மாமா சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். "போச்சு" என்றார்.

"இன்னாடா போச்சு? பொட்டுதான வெச்சேன்?"

விஷயத்தை நான்தான் விளக்கினேன். அம்மாவுக்கு முதலில் புரியவில்லை, புரிந்ததும் அழுகை வந்தது, அழுகை முடிவதற்குள் கோபம் வந்தது. "மூடி வெச்சா எனக்கு எப்டிடா தெரியும்? பொட்டு வெச்சா செத்துப் போறது ஒரு மெஷினா?" என்று கத்தினாள். அப்பாவே மனசு இளகி, "சரி, போட்டுக்கோடா, சாமி ஒண்ணும் சொல்லாது" என்றார். போட்டு என்ன பிரயோஜனம்? பீரோ சாவி அமெரிக்காவில் சாஃப்ட்வேர் கம்பெனிக்காரனிடம் இருந்தது. இத்தனை நாள் செய்த பாட்டைச் சாயங்காலத்துக்குள் மறுபடி செய்ய முடியாது. மாமா அம்மாவை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. சட்டைகளை எடுத்துப் பையில் வைக்க ஆரம்பித்தார், ஆலங்காயத்தில் ஒரு சிநேகிதன் வீட்டுக்குப் போகிறாராம்.

"மாமா, உப்பு பாத்தியே, அது போன்ல இருக்குதில்ல?" என்றேன்.

சாயங்காலம் ஸ்டாண்டில் வாழை மரம் கட்டி, ஆட்டோவுக்கெல்லாம் மாலை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, பூசணிக்காய் உடைத்தார்கள். பொரியும் சுண்டலும் கைக்குக் கை போனது. மைக் செட் போட வந்த பாய் மாமாவின் போனை வாங்கிக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு ஏற இறங்கப் பார்த்தார். "இன்னாபா, தும்மல் அளவு கீது? பாட்டு எங்க?"

"அதான் பாய் பாட்டு. திருப்பித் திருப்பி போடுங்க."

"பேஜாராப் பூடும்பா" என்று சொல்லிக்கொண்டே போட்டார்.

பெரிய ஸ்பீக்கரில் பம்பை இறங்கியது. அந்த வேகத்தை என்னவென்று சொல்ல! இருமிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு வயதான டிரைவர் தன்னை அறியாமல் எழுந்து நின்றார். தாளம் குதித்து வந்து நின்றது. "இன்னா?" என்று தெருவையே கேட்டது. எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மறுபடி பம்பை, மறுபடி "இன்னா?" பாட்டு இனிமேல்தான் வரும் என்று காத்திருந்தார்கள். அது வருகிறதாகக் காணோம். தலைவர் புருவம் ஏற ஆரம்பித்தது. மாமா பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ் போகிற பக்கமாகவே பார்த்தார். அடுத்த "இன்னா?"வுக்குக் கூட்டத்தில் ஒரு பையன், "ஒண்ணுமில்ல!" என்று பதில் சொன்னான். அதற்கடுத்த தரம் பத்துப் பேர் சொன்னார்கள். அப்புறம் தெருவே சொன்னது. "இன்னா?" "ஒண்ணுமில்ல!" "இன்னா?" "மீட்டர் போடு!" டிரைவர்கள் காக்கிச் சட்டையோடு ஆடினார்கள். வயதான டிரைவர் துண்டைச் சுழற்றினார். அப்பாவே ஒரு காலைத் தட்டினார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

"நிறுத்து பாய்!" என்று தலைவர் கையைத் தூக்கினார். தெரு அப்படியே நின்றது. "இது எங்க வூட்டுப் பொண்ணு கொரலாட்டம் கீதே?"

மாமா பையை இன்னும் இறுக்கி இடுக்கிக்கொண்டார். "அது… சாஃப்ட்வேர்லயே வர்றதுங்க."

எனக்கு உச்சந்தலை வரைக்கும் சுட்டது. வெயிலில் நின்று, கழுத்து வலிக்கக் கையைத் தூக்கி, பிடிபடாமல் ஓடி வந்து ரெக்கார்டு பண்ணினது யார்? பேர் சாஃப்ட்வேருக்கா? "இல்ல, நான்தான்…" என்று வாயைத் திறந்தேன். திறந்த வாய்க்குள் ஒரு பிடி சுண்டல் வந்து விழுந்தது. அம்மாவின் கை! காலையில் பித்தானை அழுத்திய அதே விரல் என் உதட்டை அழுத்தி மூடியது.

"கம்ப்யூட்டர்ல ஆம்பூர் கொரலு எப்டிப்பா வரும்?" என்று தலைவர் விடவில்லை.

"எல்லா ஊரு கொரலும் போட்டுத்தான் அனுப்புவான்ணே" என்று பாய் தன் பங்குக்குச் சொன்னார்.

தலைவர் மாடியைப் பார்த்தார். "ஏம்மா, இது உன் கொரலா?"

எல்லாத் தலையும் மேலே திரும்பியது. அக்கா கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். முதலில் என்னைப் பார்த்தார். நான் கன்னம் உப்ப சுண்டலோடு நின்றேன். பிறகு பையை இடுக்கிக்கொண்டு நின்ற மாமாவைப் பார்த்தார், கொஞ்ச நேரம் பார்த்தார். 

"என் கொரலு இவ்ளோ நல்லாவா இருக்கும்? என்னுது இல்லப்பா. சாஃப்ட்வேர்தான்" என்றார் அக்கா. "போடச் சொல்லு. ஆனா பாட்டு பாதிதான் இருக்குது போல. மீதிய எப்ப முடிப்பாருன்னு கேளு."

"முடிச்சிடறேங்க" என்றார் மாமா, யாரும் கேட்பதற்கு முன்னாலேயே. பை கீழே விழுந்தது.

அந்த அக்காவுமா பொய் சொல்லுவார் என்று எனக்குப் பொறுக்கவில்லை. இரண்டு நாள் மாமாவோடு பேசவில்லை. தீபாவளி கழித்துக் குடியாத்தத்துக்காரர்கள் வந்தார்கள், சாப்பிட்டார்கள், போனார்கள். அக்கா வேண்டாம் என்று சொல்லிவிட்டதாக அம்மா வாயெல்லாம் பல்லாகச் சொன்னாள். பஜ்ஜி எங்கள் வீடு வரைக்கும் வரவில்லை. அடுத்த வருஷம் அக்கா எனக்கு அத்தையானார். கல்யாண ஊர்வலத்திலும் அந்த ஒரு சுற்றுதான் ஓடியது, தெருவே "ஒண்ணுமில்ல!" என்று கத்திக்கொண்டு பின்னால் வந்தது. அப்போதும் ரெக்கார்டு பண்ணினது நான்தான் என்று ஒருவரும் சொல்லவில்லை.

மாமா இப்போது காசு கட்டி வாங்கிய சாஃப்ட்வேர் வைத்திருக்கிறார். எத்தனை பாட்டை வேண்டுமானாலும் பாதியில் வைக்கலாம், எப்போது வேண்டுமானாலும் திறக்கலாம். அதனால் ஒன்றும் முடிவதில்லை. ஸ்டாண்டு பாட்டும்தான்.

சென்ற மாதம் என் மகள் ஆசைப்பட்டாள் என்று லேப்டாப்பில் அதே சாஃப்ட்வேரை இறக்கினேன். அதே கட்டங்கள். அவள் அங்கும் இங்கும் தொட்டுக்கொண்டே வந்தவள், மேலே ஓரமாக இருந்த ஒரு எண்ணை விரலால் தள்ளினாள். பதினாறு பதினைந்தாகிவிட்டது. மிஞ்சுகிற கட்டம் எங்கே போனது என்றே தெரியவில்லை. இவ்வளவு சுலபமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பள்ளி ட்ரில் ஞாபகம் வந்தது. மூன்று மூன்றாக, எங்கும் இடறாமல் சுற்றியதே! அது ஸ்டாண்டு பாட்டுக்கு எத்தனையோ மாதம் முந்தி.

உடனே மாமாவுக்குப் போன் போட்டேன். "மாமா, கட்டத்தக் கொறைக்க உனக்கு அப்பவே தெரியும்தான?"

 மாமா தொண்டையைச் செருமினார். "சாஃப்ட்வேர் அப்படிம்மா. நான் இன்னா பண்றது?"

"இன்னா?" என்று அந்தப் பக்கம் சமையலறையிலிருந்து அத்தையின் குரல் கேட்டது.

"ஒண்ணுமில்ல" என்றார் மாமா.